பட்டியை வெட்ட முதல் பாரத்தைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் திருப்பிச் சொல்கிறேன், பிழையென்றால் திருத்துங்கள். திருகோணமலையில் வாடகை ஜாக்கெட் பீசீடியோடு (காற்றை விட்டு மிதப்பைச் சமன் செய்யும் சட்டை) பழகிச் சுழியோட்டப் பயிற்சி முடித்திருக்கிறீர்கள். இப்போது நோர்வேயில் இருக்கும் பெரியப்பா தான் பாவித்த, சிலிண்டரைத் தாங்கும் உருக்கு முதுகுத் தகடு, அதில் கோத்து உடம்பில் மாட்டும் ஹார்னஸ் பட்டி, மிதப்புக்குக் காற்று விடும் பையான விங், காலில் போடும் கறுப்பு றப்பர் ஃபின் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார். மூன்று தரம் இறங்கிப் பார்த்ததில் தோள் கடிக்கிறது, கால் தாழ்கிறது, மேலே வரும்போது பிடித்து நிறுத்த முடியாமல் இழுத்துக்கொண்டு போகிறது. தோளுக்கு மெத்தை வைத்துத் தைக்கலாமா, இடுப்பில் தொங்கும் மிச்சப் பட்டியை எங்கே வெட்டுவது என்று கேட்கிறீர்கள். மூன்று குறையையும் சேர்த்து வாசித்தால் இது தையல் வேலை பற்றிய கேள்வி இல்லை. குளிர்க்கடலில், வேறொருவருடைய உடம்புக்கும் தடித்த உடுப்புக்கும் அமைத்த சாமானை, டீ-சேட்டோடு இறங்கும் நம்முடைய இளஞ்சூட்டுக் கடலுக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் கேள்வி.

நான் 16 வருடமாகச் சுழியோடுகிறேன். அதில் ஒன்பது பருவம் திருகோணமலையில் பயிற்றுநராக இருந்தேன், மற்றவர்களுக்குக் கரையில் பட்டி கட்டிவிட்டே பாதிக் காலம் போனது. ஆனால் நான் வைத்தியன் இல்லை, தோளில் பழைய முறிவோ சவ்வுக் கிழிவோ இருந்தால் நான் சொல்வதை விட்டுவிட்டு ஒருவரிடம் காட்டுங்கள். நீங்கள் போட்ட படமும் கரையில் நின்று எடுத்தது, தண்ணீருக்குள் நீங்கள் எப்படிக் கிடக்கிறீர்கள் என்று நான் பார்க்கவில்லை. ஆகவே எது நிச்சயம், எது என் ஊகம், எது வெறும் விருப்பம் என்று பிரித்தே சொல்லப் பார்க்கிறேன்.

நிச்சயமானது முதலில். உங்கள் கேள்வியில் என் கண் நின்ற இடம் தோள் இல்லை, "பழையபடி 5 கிலோ ஈயம்தான் கட்டினேன்" என்று போகிற போக்கில் எழுதிய வரி. வாடகை ஜாக்கெட்டில் உள்ள மெத்தையும் துணியும் தாமே கொஞ்சம் மிதப்பவை, அதைத் தாழ்த்தவே ஒரு கிலோ அளவு ஈயம் போய்விடும். அதைக் கழற்றிவிட்டு இப்போது இரண்டரை, மூன்று கிலோ உருக்குத் தகட்டை முதுகில் போட்டிருக்கிறீர்கள். ஈயமோ குறையவில்லை. கணக்குப் பார்த்தால் தேவையைவிட மூன்று நாலு கிலோ கூடுதலான பாரத்தோடு இறங்கியிருக்கிறீர்கள். பெரியப்பாவுக்கு அந்தத் தகடு வரப்பிரசாதம். அங்கே தண்ணீர் புகாத உலர் உடுப்புக்குள் தடித்த கம்பளி உள்ளாடை போட்டு இறங்குவார்கள், அந்தக் காற்றுப் பொதியைத் தாழ்த்தவே எட்டு, பத்துக் கிலோ வேண்டும், அதில் ஒரு பங்கைத் தகடே சுமந்துவிடும். உங்களுக்கு 3 மில்லிமீற்றர் உடுப்பு, சில நாள் அதுவும் இல்லை. மெலிந்த உடம்பென்றால் இந்தத் தகட்டோடு ஒரு கிலோ ஈயம்கூட வேண்டியிராது.

அந்த மேலதிக பாரம்தான் உங்களை மேலே இழுக்கிறது என்றால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் நடக்கிறது. 4 கிலோ கூடுதலாக இருந்தால் அதைச் சமன் செய்ய விங்குக்குள் ஏறக்குறைய 4 லீற்றர் காற்றை விட்டாக வேண்டும். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் 2 பார் (அமுக்கத்தை அளக்கும் அலகு), மேற்பரப்பில் 1 பார், அந்த 4 லீற்றர் மேலே வரும்போது 8 லீற்றர் ஆகிவிடும். ஈயம் அளவாக இருந்தால் விங்குக்குள் விரிய அவ்வளவு காற்றே இருக்காது. இதிலே நம்முடைய கடலுக்கென்று ஒரு வில்லங்கம் உண்டு. பாக்குக் குடா பெரும்பாலான இடங்களில் 15 மீற்றரைத் தாண்டாது, ஆழமில்லாத கடல்தானே பழகுவதற்குச் சுகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மறுவளம்தான். 30 மீற்றரிலிருந்து 20 மீற்றருக்கு வரும் பத்து மீற்றரில் காற்று எவ்வளவு விரிகிறதோ, 10 மீற்றரிலிருந்து 5 மீற்றருக்கு வரும் ஐந்து மீற்றரிலேயே அவ்வளவும் விரிந்துவிடும். நெடுந்தீவுப் பக்கம் எட்டு மீற்றரில் மிதப்பைப் பிடித்து நிற்கத் தெரிந்தவனுக்குத் திருகோணமலைப் புறாமலையில் இருபது மீற்றர் பெரிய வேலையே இல்லை.

ஆகவே கத்தரிக்கோலைக் கையில் எடுக்க முதல் ஒருநாள் ஈயத்துக்காகவே மினக்கெடுங்கள். சுழியோட்டம் முடியும் தறுவாயில், சிலிண்டரில் 50 பார் மிச்சம் இருக்கும்போது, நங்கூரக் கயிற்றுக்குப் பக்கத்தில் 5 மீற்றரில் நின்று விங்கிலுள்ள காற்றை முழுக்க விடுங்கள். சாதாரண மூச்சில் அதே இடத்தில் நிற்க வேண்டும், இழுத்தால் கொஞ்சம் ஏறி, விட்டால் கொஞ்சம் தாழ வேண்டும். கல்லுப்போலப் போனால் ஒரு கிலோவைக் கழற்றிவிட்டு அடுத்தநாள் திருப்பிப் பாருங்கள். முடிவில்தான் பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் காற்றுக்கும் பாரம் உண்டு. 11 லீற்றர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2200 லீற்றர் காற்று, லீற்றருக்கு 1.2 கிராம் படி இரண்டரைக் கிலோவுக்கு மேல். (ஊரில் எல்லோரும் அதை ஒட்சிசன் சிலிண்டர் என்கிறார்கள், உள்ளே இருப்பது நாம் மூச்சுவிடும் இதே காற்றுத்தான்.) அலுமினியச் சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது லேசாகத் தாழும், காலியாகும்போது ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் மிதக்கும். நிரம்பிய சிலிண்டரோடு சரிபார்த்துவிட்டு வந்தால் கடைசிப் பத்து நிமிடம் தலைகீழாக நின்றாலும் 5 மீற்றரில் தரிக்க முடியாது. ஹோட்டல் நீச்சல் தடாகத்தில் பார்த்த கணக்கையும் கடலுக்குக் கொண்டுவராதீர்கள், உப்புத்தண்ணீர் நல்ல தண்ணீரைவிட இரண்டரை வீதம் அடர்த்தி கூடியது, நீங்களும் சாமானும் சேர்ந்து 95 கிலோ என்றால் கடலில் இரண்டு கிலோவுக்கு மேல் கூட்ட வேண்டிவரும்.

கால் தாழ்வதற்கு வருவோம். இது ஊகம்தான், ஆனால் பந்தயம் கட்டக்கூடிய ஊகம்: அந்தக் கறுப்பு றப்பர் ஃபின். உலர் உடுப்புக்குள் இருக்கும் காற்று கால்பக்கம் ஓடிப் பாதத்தைத் தூக்கிவிடும், அதைக் கீழே வைத்திருக்கத்தான் அங்கே பாரமான ஃபின் போடுகிறார்கள். உங்கள் வெறுங்காலுக்கு அது கல்லைக் கட்டியது மாதிரி. யாரிடமாவது லேசான பிளாஸ்ரிக் ஃபின் இரவல் வாங்கி ஒருதரம் இறங்குங்கள், ஒரு சதம் செலவில்லாமல் விடை தெரிந்துவிடும். அதுவும் போதாவிட்டால் சிலிண்டரைத் தகட்டில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தலைப்பக்கமாக ஏற்றிக் கட்டுங்கள். இடுப்பில் இன்னும் ஈயம் தேவைப்படுகிறவர்கள் அதில் ஒரு கிலோவை, சிலிண்டரைத் தகட்டோடு கட்டும் மேல் பெல்ட்டில் சின்னப் பையில் போட்டாலும் தலைப்பக்கம் இறங்கிக் கால் எழும்பும். ஒன்றை மாற்றிவிட்டு இறங்கிப் பார்க்க வேண்டும், மூன்றையும் ஒரேநாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

சிலிண்டர் பெல்ட் என்றதும் என் தலையில் பட்ட அடி ஞாபகம் வருகிறது. பயிற்றுநராகி இரண்டாவது பருவம், புறாமலைக்கு வெளிப்பக்கம், காய்ந்த பெல்ட்டை அவசரத்தில் இறுக்கிவிட்டு உருண்டு விழுந்தேன். நைலோன் நனைந்தால் நீளும் என்று அன்று காலையில்தான் மாணவர்களுக்குச் சொல்லியிருந்தேன். ஐந்தாவது நிமிடம் தலைகீழாகப் பாறை இடுக்கைப் பார்க்கப் போக, சிலிண்டர் பெல்ட்டுக்குள்ளால் வழுகி வந்து வால்வு பிடரியில் மொத்தியது. பெரிய காயமில்லை, ஆனால் ஆறு மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெல்ட்டை வாளித் தண்ணீரில் நனைத்து, இறுக்கி, ஒரு நிமிடம் விட்டு, திருப்பியும் இறுக்க வேண்டும். பிறகு பட்டியைப் பிடித்துச் சிலிண்டரோடு தூக்கி ஒரு உலுக்கு உலுக்கிப் பாருங்கள்.

விங் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் படத்தில் அது சிலிண்டரை இரண்டு பக்கமும் பொத்திக்கொண்டு நிற்கிறது. இரட்டைச் சிலிண்டருக்கான விங் போலத் தெரிகிறது. பக்கத்தில் எத்தனை கிலோ அல்லது எத்தனை இறாத்தல் தூக்கும் என்று அச்சடித்திருக்கும், பாருங்கள். நம்முடைய கடலில் ஒற்றைச் சிலிண்டருக்கு 13, 14 கிலோ தூக்கும் விங் தாராளம். இருபதுக்கு மேல் என்றால் அது சிலிண்டரைச் சுற்றி மடிந்து, மடிப்புக்குள் காற்று ஒளிந்து நிற்கும், நீங்கள் காற்று விடும் வால்வை இழுத்தாலும் வராது. மேலே இழுத்துக்கொண்டு போவதற்கு இதுவும் ஒரு பங்காளியாக இருக்கலாம். அப்படியென்றால் விங்கை மட்டும் மாற்றுங்கள், தகட்டையும் பட்டியையும் வைத்துக்கொள்ளலாம். இலாஸ்ரிக் கயிற்றைச் சுற்றிக் கட்டி விங்கைச் சின்னதாக்கும் யோசனையை யாராவது சொல்வார்கள், அதைக் கேட்காதீர்கள், காற்று ஒரு பக்கம் தங்கி உங்களைச் சரித்துவிடும்.

இனி தோள். எங்கே நிற்கும்போது கடிக்கிறது? கரையிலா, மேற்பரப்பில் மிதக்கும்போதா, கீழேயா? மூன்றுக்கும் மூன்று விடை. கரையில் என்றால் அதற்கு மருந்தில்லை, சிலிண்டரும் தகடும் சேர்ந்து 20 கிலோவுக்குக் கிட்ட வரும், ஐந்து சென்ரிமீற்றர் பட்டியில் தொங்கினால் கடிக்கத்தான் செய்யும், படகின் விளிம்பில் இருந்தபடி போட்டுக்கொண்டு உடனே இறங்குங்கள். மேற்பரப்பில் என்றால், கூடுதலான ஈயத்தைத் தூக்க விங்கை ஊத, விங் தகட்டை மேலே இழுக்க, கால்களுக்கிடையால் வரும் கவட்டுப் பட்டி தளர்ந்திருப்பதால் எல்லாம் கழுத்தடிக்கு ஏறி நிற்கிறது, ஈயம் குறைந்தால் பாதி வலி போய்விடும். கீழே, கிடையாக நீந்தும்போதும் கடித்தால்தான் அது பட்டியின் பிழை, அநேகமாக நீங்கள் பள்ளிக்கூடப் பை போல இறுக்கியிருப்பீர்கள்.

ஹார்னஸ் ஒரே நீளப் பட்டி, இரண்டு தோளுக்கும் இடுப்புக்கும் அதுவே சுற்றி வரும், அளவு மாற்ற வேண்டுமென்றால் தகட்டுத் துளைக்குள்ளால் இழுத்துத்தான் மாற்ற வேண்டும், ஜாக்கெட்டில் இழுக்கும் வால் மாதிரி இதில் கிடையாது. சுழியோடும்போது போடும் அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு, சிலிண்டர் இல்லாமல் வெறும் தகட்டை மாட்டி, நேராக நில்லுங்கள். வலது கையைத் தோளுக்கு மேலால் பின்னே மடக்கினால் நடுவிரல் தகட்டின் மேல் விளிம்பைத் தொட வேண்டும். தொடாவிட்டால் தகடு தாழ்ந்து கிடக்கிறது, அந்த நிலையில் சிலிண்டர் வால்வும் எட்டாது. பிறகு காறை எலும்புக்கு முன்னால் பட்டிக்கும் நெஞ்சுக்கும் இடையில் உள்ளங்கையைத் தட்டையாக விடுங்கள், சிரமமில்லாமல் போய் வர வேண்டும். கரையில் "இது கொஞ்சம் தொளதொள என்று இருக்கிறதே" என்று தோன்றும் அளவுதான் தண்ணீருக்குள் சரியான அளவு. பெரியப்பா தடித்த உடுப்புக்கு வைத்த அளவு உங்களுக்குத் தளர்வாகத்தான் இருந்திருக்கும், அதைப் பார்த்துத்தான் நீங்கள் இழுத்து இறுக்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே நீளமா என்று தையல்காரரின் அளவு நாடாவால் அளந்து, துளைக்குப் பக்கத்தில் வெள்ளை நூலால் ஒரு தையல் போட்டு அடையாளம் வையுங்கள், அடுத்தமுறை கழற்றிக் கோக்கும்போது அந்தத் தையல் இருந்தால் போதும். துளையின் விளிம்பில் விரலை ஓட்டியும் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் அது பட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும், நைஸ் அரத்தால் உரஞ்சிவிட வேண்டும்.

கவட்டுப் பட்டியைப் பலர் கூச்சத்தில் கழற்றிவிடுகிறார்கள். கழற்றாதீர்கள், தோள்பட்டியைத் தளர்வாக விட முடிவதே அது தகட்டைக் கீழே பிடித்து வைத்திருப்பதால்தான். முழுக்கக் குந்தி இருந்து எழும்பிப் பாருங்கள், இழுபடாமல் குந்த முடிந்தால் அளவு சரி. காற்சட்டையோடு மட்டும் இறங்கினால் உள்தொடை உரஞ்சும், முழங்கால்வரை வரும் இறுக்கமான லைக்ரா உடுப்பு அதற்குப் போதும். இடுப்புப் பக்கிளை நேர் நடுவில் விடாமல் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வையுங்கள், நடுவில் இருந்தால் குனியும்போது கவட்டுப் பட்டியின் காது தள்ளிப் பக்கிள் திறந்துகொள்ளும்.

மெத்தை வைக்கலாமா என்பது விருப்பம் சார்ந்த கேள்வி. நான் வைப்பதில்லை. மெத்தை மிதக்கும், அதற்கு ஈயம் கட்ட வேண்டும், வெயிலில் காய நாளெடுக்கும், காயாமல் மணக்கும். ஆனால் என்னோடு வேலை செய்த ஒருவர், மெலிந்த தோள்காரர், மெல்லிய உறை இல்லாமல் இறங்கவே மாட்டார், அவர் என்னைவிட நல்ல சுழியோடி. தைக்கத்தான் வேண்டுமென்றால் பட்டியோடு சேர்த்துத் தைக்காமல் கழற்றி மாட்டும் உறையாகத் தையுங்கள், பட்டியில் ஊசி போனால் பலம் குறையும். இடது தோளில் கழற்றும் பக்கிள் போடலாமா என்பதிலும் இரண்டு கட்சி. இந்த ஒற்றைப் பட்டி முறையை ஹோகார்த்தியன் என்பார்கள், புளோரிடாவின் நீர்க்குகைச் சுழியோடி வில்லியம் ஹோகார்த் மெய்னின் பெயரால் வந்தது, குகைக்காரர்கள் உடையக்கூடிய ஒரு பிளாஸ்ரிக் துண்டைக்கூட விரும்பமாட்டார்கள். நமக்கோ ஏணி இல்லாத சின்னப் பைபர் படகு, தண்ணீருக்குள்ளேயே எல்லாவற்றையும் கழற்றி மேலே கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். பட்டி தளர்வாக இருந்தால் இடது முழங்கையைப் பின்னால் இழுத்து உருவ முடியும், பழகிப் பாருங்கள். சோழகம் அடிக்கும் நாளில் அலைக்குள் அது வரவில்லை என்றால் இடப்பக்கம் மட்டும் ஒரு பக்கிள் போடுவதில் நான் குற்றம் காணமாட்டேன்.

சாமான் கொளுவும் டீ (D) வளையங்களை எங்கே வைப்பது என்று புத்தகம் பார்க்கத் தேவையில்லை. பெருவிரலைத் தோள்பட்டிக்குக் கீழே விட்டு, கை நோகாமல் எவ்வளவு உயரத்துக்குப் போகிறதோ அங்கே வளையம். வலக்கையாலும் இடக்கையாலும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வளையத்தையும் தொட வேண்டும். இடது இடுப்பில் ஒன்று, அமுக்கமானியைக் கொளுவ. அதற்கு மேல் வேண்டாம். உள்ளே மடியும் வாயுள்ள காரபினர் கொளுக்கிகளை எல்லாம் கழற்றி எறியுங்கள், அவை போகிற வழியில் கயிறு, வலை எதுவென்றாலும் தாமே விழுங்கிக்கொள்ளும், விரலால் இழுத்துத் திறக்கும் போல்ட் ஸ்னாப் கொளுக்கி அப்படிச் செய்யாது. நம்முடைய கடலில் இது சின்ன விஷயமில்லை. அறுந்து கிடக்கும் தங்கூசி (மெல்லிய நைலோன் இழை) வலை கண்ணுக்கே தெரியாது, முதலில் தெரிவது ஏதோ பின்னாலிருந்து பிடித்திழுக்கும் உணர்ச்சிதான். அதற்காக இடுப்புப் பட்டியில், பக்கிளுக்கு இடப்பக்கம், இரண்டு கையும் எட்டும் இடத்தில் ஒரு சின்னக் கத்தி கட்டாயம். அதன் உறையையும் தொங்கும் குழாய்களையும் பிடித்து வைக்கச் சைக்கிள் ரியூப்பை ஒரு விரல் அகலத்துக்கு வளையம் வளையமாக வெட்டிக் கோத்துவிடுங்கள், பழைய ரியூப் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் இருக்கிறதா என்ன.

கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. விங்கின் துணியில் ஊசி போகக் கூடாது. காற்று விடும் வால்வின் இழுகயிற்றை நீட்டவோ பட்டிக்குள் சொருகவோ கூடாது. அவசரத்தில் கழற்ற வேண்டிய ஈயத்தைத் தகட்டோடு நிரந்தரமாகப் பூட்டக் கூடாது. பக்கிள் இறுகிவிட்டது, வளையம் சிக்குகிறது என்று தேங்காயெண்ணெய் பூசும் பழக்கம் ஒன்று உண்டு, பக்கிளுக்குப் பரவாயில்லை, அதே கையோடு மூச்சு வாங்கும் ரெகுலேற்றரையும் வால்வின் றப்பர் வளையத்தையும் தொடாதீர்கள், அதற்குச் சிலிக்கோன் கிறீஸ் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் குருநகர், நாவாந்துறைப் பக்கம் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குகிறவர்கள் பீசீடியே இல்லாமல் சிலிண்டரைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போகிறார்களே, நமக்கு ஏன் இவ்வளவு ஆலாபனை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவர்களோடு இறங்கியிருக்கிறேன். அவர்கள் நெஞ்சாலேயே மிதப்பைப் பிடிக்கிறார்கள், ஒரு மூச்சை ஆழமாக இழுத்தால் ஒன்றிரண்டு லீற்றர், அதாவது ஒன்றிரண்டு கிலோ மிதப்பு கையில் வரும், அதை வைத்தே ஏறி இறங்கித் திரிகிறார்கள். அந்த வித்தையைப் பார்த்துப் படியுங்கள். ஒரே நாளில் சிலிண்டர் மாற்றி மாற்றி ஆழத்துக்குப் போய் மேலே விறுவிறென்று வருகிற பழக்கத்தைப் படிக்காதீர்கள், கை கால் இழுத்துப்போய் வீட்டில் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

சரி, வெட்டுவது. ஈயம், ஃபின், தோள் அளவு எல்லாம் ஒரு நிலைக்கு வந்து, அதற்குப் பிறகு ஐந்தாறு தரம் எதையும் மாற்றாமல் இறங்கி வந்த பிறகு இடுப்பு வாலை வெட்டுங்கள். பக்கிளைத் தாண்டி ஒரு சாண் மிச்சம் இருக்கட்டும், குளிர் பருவத்தில் உடுப்பு தடிக்கும், வயிறும் தடிக்கும். கத்தரிக்கோலால் நறுக்கினால் நார் பிரியும், பழைய கத்தியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி ஒரே இழுவையில் அறுத்தால் விளிம்பு உருகி ஒட்டிக்கொள்ளும். மூலையைக் கொஞ்சம் சாய்த்து அறுங்கள், பக்கிளுக்குள் நுழைப்பது சுகம். புகையை மூக்கில் பிடிக்காமல் முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள், அந்த மணம் அடுப்படியை விட்டுப் போக இரண்டு நாள் எடுக்கும், பிறகு வீட்டில் ஏச்சு வாங்க நேரிடும்.